வினைமுற்று இல்லாத பேச்சு

கருத்தரங்க அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே பேச்சாளருக்கு ஒரு போன் வந்துவிடும். "சார், உங்க பிபிடி எப்ப கிடைக்கும்?" என்ன பேசப் போகிறீர்கள், கேட்க வருகிறவர்கள் யார், அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அந்த அழைப்பில் இடம்பெறுவதில்லை. ஸ்லைடு வந்து சேர்ந்துவிட்டால் பேச்சு தயார் என்று அமைப்பாளர் நம்புகிறார். அனுப்பியவரும் அப்படியே நம்பிவிடுகிறார்.

மேடைப் பேச்சுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் வேளாண் அலுவலர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள் அதிகம். தங்கள் துறையை அடி முதல் நுனி வரை அறிந்தவர்கள். வரப்பில் நின்று விவசாயியிடம் பேசும்போதும் வார்டில் நோயாளியின் மகனிடம் பேசும்போதும் அவர்கள் சொல்வது கேட்பவர் மனதில் அப்படியே இறங்குகிறது. அதே மனிதர் அரங்கத்தில் விளக்கை அணைக்கச் சொல்லி, திரைப் பக்கம் திரும்பியதும் பேச்சு தட்டையாகிவிடுகிறது. கூச்சம் ஒரு காரணம்தான். ஆனால் மேடைக் கூச்சமே இல்லாதவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். அதனால் கோளாறு ஸ்லைடின் அமைப்பிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஸ்லைடில் யாரும் வாக்கியம் எழுதுவதில்லை. இடம் போதாது. தமிழில் எழுதினால் இன்னும் போதாது. நம் சொற்கள் நீளமானவை, பெரிய எழுத்தில் இரண்டு சொல் போட்டாலே வரி முடிந்துவிடும். எனவே முதலில் வெட்டுப்படுவது வினைமுற்று. 'மகசூல் அதிகரிப்பு', 'செலவு குறைப்பு', 'நோய்த் தடுப்பு' என்று பெயர்ச்சொற்கள் புள்ளி வைத்து வரிசையாக நிற்கின்றன. தமிழில் பேசுகிறவனுடைய பொறுப்பு முழுவதும் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. மகசூல் கூடியது, கூடும், கூடலாம், கூடியிருக்கலாம், கூடுமென்று எதிர்பார்க்கிறோம் — இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு வாக்குறுதிகள். முதலாவது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறது. கடைசியில் இருப்பது என் ஆசையைச் சொல்கிறது. 'மகசூல் அதிகரிப்பு' என்ற பெயர்ச்சொல்லுக்குள் ஐந்தும் ஒளிந்துகொள்ள இடமுண்டு.

மக்காச்சோளப் படைப்புழு பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேச ஒரு இளம் அலுவலர் ஸ்லைடுகள் தயாரித்து வந்திருந்தார். 2018இல் இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளைச் சூறையாடிய புழு அது. அவருடைய ஸ்லைடு ஒன்றில் 'இனக்கவர்ச்சிப் பொறி — சிறந்த பலன்' என்று இருந்தது.

"பலன் கிடைச்சுதா, கிடைக்குமாம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பொறியில ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் சார் விழும். எவ்வளவு விழுதுன்னு பார்த்து, தாக்குதல் வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம். பொறி வச்சாலே புழு ஒழிஞ்சிடும்னு சொல்ல முடியாது."

"அதை அப்படியே சொல்லிடுங்களேன்."

அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஸ்லைடைப் படித்த ஒரு விவசாயி, பொறியை வாங்கித் தொங்கவிட்டுவிட்டு மருந்தடிக்காமல் இருந்திருப்பார். அலுவலர் மனதில் இருந்த முழு உண்மை, பெயர்ச்சொல்லாகச் சுருங்கியபோது பாதியை இழந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கும் வரை இழந்தது அவருக்கே தெரியவில்லை.

இந்தச் சுருக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, இத்தொழிலில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு ஆவணம் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. ஏறக்குறைய 82ஆவது விநாடியில் வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைக்கட்டி பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கட்டியின் எடை முக்கால் கிலோ அளவுதான். மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், அந்த மோதலால் என்ன நேர்ந்திருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைடுகளாகத் தயாரித்து நாசாவிடம் விளக்கினார்கள். அவற்றில் ஒன்றை எட்வர்ட் டஃப்டி என்ற தரவுக் காட்சியியல் அறிஞர் பின்னாளில் வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார். விபத்து விசாரணைக் குழுவும் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட தன் அறிக்கையில் அவருடைய ஆய்வைச் சேர்த்துக்கொண்டது.

அந்த ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளின்படி நம் கணிப்பு பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு குறி என்று படிப்படியாக உள்ளே தள்ளி, எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகிறது. அடியில், உண்மையான நிலைமை சோதனைத் தரவுகளின் எல்லைக்கு மிகவும் வெளியே இருக்கிறது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கட்டியின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்று ஒரு குறிப்பு.

1,920ஐ 3ஆல் வகுத்தால் 640. சோதித்ததைப் போல் 640 மடங்கு பெரிய பொருள் மோதியிருக்கிறது. அந்த வகுத்தலைப் பார்க்கிறவரே செய்துகொள்ள வேண்டும். ஒரு மனிதர் எழுந்து நின்று, "ஐயா, நாம் சோதித்துப் பார்த்தது 50 மில்லி அளவுள்ள ஒரு துண்டு. மோதியிருப்பது 31 லிட்டர் அளவுள்ள கட்டி. எனவே நம் சோதனை இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது" என்று மூன்று வாக்கியம் பேசியிருந்தால், அறையில் இருந்த எவரும் நிம்மதியாக எழுந்து போயிருக்க முடியாது. 'எனவே' என்ற இணைப்பும் 'சொல்லாது' என்ற முற்றும் வந்துவிட்டால், கேட்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏழு உயிர்களையும் ஒரு ஸ்லைடுதான் பறித்தது என்று நான் சொல்லமாட்டேன். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் வைத்த கோரிக்கைகள் கைவிடப்பட்டதும், நுரை உதிர்வது முன்பும் நடந்ததுதானே என்று நாசா பழகிப்போயிருந்ததும் அறிக்கையில் விரிவாக இருக்கின்றன. ஆனால் குழு இன்னொன்றையும் சொன்னது: ஆய்வாளர்களிடமிருந்து இடைநிலை மேலாளர்களுக்கும், அங்கிருந்து தலைமைக்கும் போகப் போக, விளக்கங்களும் ஆதாரங்களும் வடிகட்டப்பட்டுவிட்டன, தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் புழங்குவது நாசாவின் தகவல் பரிமாற்றத்தில் உள்ள கோளாறுக்கு அடையாளம். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் டெக்சாஸ் வானில் சிதறியது. அதே ஆண்டு ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே அளவு நுரைக்கட்டியை வாயுத் துப்பாக்கியால் இறக்கை முன்விளிம்பின் தகடு மீது சுட்டுப் பார்த்தார்கள். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதுவரை நுரை இறக்கையை உடைக்குமா என்று வாதிட்டவர்களுக்கு அதன் பிறகு வாதம் இல்லை.

அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், நாசாவின் இன்னொரு விண்கலம் விபத்துக்குள்ளானபோது, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் செய்ததையும் பயிற்சியில் நான் தவறாமல் சொல்வேன். சாலஞ்சர் விபத்து விசாரணையின்போது, 1986 பிப்ரவரி 11 அன்று, எல்லோரும் பார்க்க, ராக்கெட் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கிடுக்கியில் இறுக்கிப் பனிக்கட்டி நீருள்ள டம்ளரில் போட்டார். வெளியே எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தியதும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிரில் ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. காட்டுவதற்கு நான் எதிரி அல்ல. கண்ணுக்கென்றே உள்ள விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டத்தான் வேண்டும்.

படைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் புழுக்களிலிருந்து அதைப் பிரித்தறிய இரண்டு அடையாளங்கள்: தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்ததுபோல் வெளிர்க் கோடு; உடலின் கடைசிக்கு அருகே ஒரு கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இதை எத்தனை வாக்கியத்தில் சொன்னாலும் ஒரு படத்துக்கு ஈடாகாது. அந்த அலுவலரிடம் இருந்த ஸ்லைடுகளில் அந்தப் படம் ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்தது. மீதி இடத்தை 'அறிமுகம்', 'பரவல்', 'வாழ்க்கைச் சுழற்சி', 'மேலாண்மை உத்திகள்' ஆகியவை பிடித்துக்கொண்டிருந்தன. படத்தைத் திரை முழுக்க வைத்தோம். குருத்துக்குள் புழு இருப்பதும், மரத்தூள் போல அதன் எச்சம் கிடப்பதுமாக இன்னொரு படம். மருந்து குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும் என்பதைப் படத்தைக் காட்டியபடியே சொன்னால் போதும். மற்றதெல்லாம் அவர் வாயால் சொன்னார். உயிருள்ள புழுவை ஒரு பாட்டிலில் போட்டு முன்வரிசையிலிருந்து கைமாற்றிவிடலாமே என்ற யோசனை அவருடையது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

படமும் குரலும் சேர்ந்தால் நல்லது. அவற்றோடு அதே சொற்களைத் திரையிலும் எழுதினால் கெடுதல் என்பது ஆய்வுகளும் கண்டது. கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் உடன் பணியாற்றியவர்களும் மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் அசைபடத்தை வைத்துச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். குரல் விளக்கத்தோடு மட்டும் பார்த்தவர்கள், அதே விளக்கம் எழுத்திலும் ஓடியதைப் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அரங்கில் தினமும் காண்பதுதான் இது. கண் படிக்கும் வேகம் வாய் பேசும் வேகத்தைவிட அதிகம். திரையில் ஐந்து வரி வந்ததும் கூட்டம் ஐந்தையும் படித்து முடித்துவிடுகிறது. பேச்சாளர் இரண்டாவது வரியில் இருக்கிறார். எஞ்சிய நேரத்தில் கைகள் செல்போனைத் தேடுகின்றன. விதிவிலக்குகள் உண்டு. காது கேளாதவர்களுக்கும், பேசும் மொழியை இரண்டாம் மொழியாகப் பின்தொடர்பவர்களுக்கும் எழுத்து உதவுகிறது. அவர்கள் அரங்கில் இருந்தால் எழுத்து வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு கொடுமை சேர்ந்துகொள்கிறது. பேச்சு தமிழில், திரை ஆங்கிலத்தில். கேட்பவர் படிக்க முடியாத வரிகளைப் பேச்சாளர் அங்கேயே நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்க்கும் அவசரத்தில் பிறக்கும் தமிழ், அவர் வீட்டில் பேசும் தமிழ் அல்ல. தமிழிலேயே தயாரிக்கும் அக்கறையுள்ளவர்களுக்கு எழுத்துரு ஆபத்து காத்திருக்கிறது. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அப்போது பேச்சாளர் முகத்தில் தெரியும் திகிலைப் பார்த்தால் மனம் கலங்கும். யூனிகோடு பரவியபின் இது குறைந்திருக்கிறது, தீரவில்லை.

இத்தனை ஸ்லைடுகள் எப்படி வந்தன என்பதற்கு விலை ஒரு காரணம். கோடக் கரூசல் காலத்தில் ஒவ்வொரு ஸ்லைடையும் படமெடுத்து, பிலிம் கழுவி, சட்டத்தில் பொருத்த வேண்டும். பணமும் நாளும் பிடிக்கும் என்பதால் தேவையானதை மட்டும் செய்தார்கள். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்தபடியே ஒளிபுகும் தாளில் எழுதலாம், ஒரு வெள்ளைத்தாளால் பாதியை மறைக்கலாம். 1987இல் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய பவர்பாயிண்டும் அந்த ஒளிபுகும் தாள்களை அச்சிட்டுத் தரும் மேகிண்டாஷ் மென்பொருளாகத்தான் தொடங்கியது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்ட நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. கணினியிலிருந்து நேராகத் திரைக்குப் போக முடிந்ததும் அடுத்த ஸ்லைடுக்குச் செலவே இல்லை என்றாகிவிட்டது. நாற்பதும் அறுபதும் அதன் பிறகு வந்தவை.

ஸ்லைடை நன்றாகப் பயன்படுத்தியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கைக் காட்டுவேன். 2006இல் டெட் மேடையில் அவர் பேசிய வீடியோவைப் பயிற்சிகளில் நிறுத்தி நிறுத்திப் போடுவதுண்டு. குமிழிகள் நகரத் தொடங்குவதற்கு முன், கிடைமட்ட அச்சில் ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள் என்பதும், செங்குத்து அச்சில் எதிர்பார்க்கும் ஆயுளும் இருக்கின்றன என்று நிதானமாகச் சொல்கிறார். எந்தக் குமிழி எந்த நாடு, அதன் அளவு எதைக் குறிக்கிறது என்று புரியவைக்கிறார். பிறகு 1962இலிருந்து ஆண்டுகளை ஓடவிட்டு, கிரிக்கெட் வர்ணனையாளர் போல அந்த நகர்வோடு சேர்ந்து பேசுகிறார். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வினைமுற்று இருக்கிறது. நாடுகள் ஏறுகின்றன, இறங்குகின்றன, பின்தங்குகின்றன, எட்டிப்பிடிக்கின்றன. இத்தனை திறமையோடு திரையை ஆண்டவர், 2010இல் மக்கள்தொகை பற்றிப் பேச ஐக்கியா கடையின் பிளாஸ்டிக் பெட்டிகளை மேசைமேல் அடுக்கிக் காட்டினார். அந்த விஷயத்துக்குப் பெட்டிதான் பொருத்தம் என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவெடுக்கும் இடத்தைத்தான் நான் கற்றுக்கொடுக்க முயல்கிறேன்.

அதற்கு நான் வைத்திருக்கும் வழி பழையது. முதலில் மடிக்கணினியை மூடச் சொல்வேன். பேச வேண்டியதைத் தாளில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். ஜெஃப் பெசோஸ் 2004இல் அமேசானின் தலைமைக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, உரைநடையாக எழுதிக்கொண்டு வரச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் முதலில் அதை மௌனமாகப் படிப்பார்கள். வாக்கியமாக எழுதும்போது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்று எழுதுகிறவருக்கே தெரிந்தாக வேண்டும். 'ஆனாலும்' போடுவதா, 'அதனால்' போடுவதா என்று பேனா நிற்கும் இடங்களில்தான் பேச்சு உருவாகிறது. மருத்துவர் ஒருவர் ஒரு 'அதனால்' எழுதமுடியாமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டு தகவல்களுக்கும் தொடர்பே இல்லை என்று கண்டு ஒன்றை நீக்கினார். ஸ்லைடில் அவை அடுத்தடுத்த புள்ளிகளாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தவை.

எழுதி முடித்ததும் எந்த இடத்தில் கண்ணின் உதவி வேண்டும் என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. வரைபடம், வரைகோடு, எக்ஸ்ரே, புழுவின் தலை. கோடு விழுந்த இடங்களுக்கு மட்டும் ஸ்லைடு. சிலருக்கு நான்கு வரும். கதிரியக்க மருத்துவருக்கு முப்பது வரலாம், அத்தனையும் நியாயமானவை. ஒன்றுகூட வராத பேச்சுகளும் உண்டு. நினைவுக்கு உதவி வேண்டுமென்றால் உள்ளங்கை அளவு அட்டையில் குறிப்பு போதும். அது பேச்சாளருக்கானது, கூட்டத்துக்குக் காட்ட வேண்டியதில்லை. படம் வேலை முடித்ததும் விசைப்பலகையில் ஆங்கில பி எழுத்தைத் தட்டினால் திரை கருப்பாகும்; மறுபடி தட்டினால் படம் திரும்பும். இது பவர்பாயிண்டிலேயே இருக்கும் வசதி. பல ஆண்டுகளாக அந்த மென்பொருளைப் பயன்படுத்திவருபவர்களில் பலரும் அறியாதது. திரை கருப்பானதும் அரங்கத்தின் அத்தனை கண்களும் பேச்சாளர் முகத்துக்கு வரும். முதல்முறை அதை அனுபவிப்பவர்கள் சற்றுத் தடுமாறுவார்கள். அடுத்த முறை அவர்களே அந்தக் கணத்தைத் தேடிப் போவார்கள்.

அமைப்பாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள், மைக்கை மூலைக்குத் தள்ளாதீர்கள். திரை பக்கவாட்டில் இருக்கட்டும். கேட்பவர் முகம் தெரியாவிட்டால் எங்கே புரியவில்லை என்பது பேசுகிறவருக்குத் தெரியாது.

நம் பட்டிமன்ற மேடையில் ஸ்லைடு வரவே முடியாது என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதிரணிக்காரர் இப்போது சொன்னதற்கு அடுத்தவர் இப்போதே பதில் சொல்ல வேண்டும். நடுவர் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். முதல் நாள் இரவே என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திப் பூட்டிவைத்தால் அந்தக் கலை அங்கேயே செத்துவிடும். நள்ளிரவு வரை ஊரே உட்கார்ந்து கேட்பது பேச்சு தன் கண்முன் உருவாவதால்தான். துறை அறிஞர்கள் பட்டிமன்றப் பாணியில் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நெகிழ்ச்சியில் கொஞ்சமாவது வேண்டும். முன்வரிசையில் ஒருவர் புருவம் சுருக்கினால் நின்று, வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும் அளவுக்காவது வேண்டும்.

"ஸ்லைடை அனுப்பி வைங்க சார், அப்புறம் பார்த்துக்கிறோம்" என்று கேட்பவர்கள் சொல்வதால்தான் எல்லாவற்றையும் அதிலேயே திணிக்கிறோம் என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியது வேறு, அரங்கில் பார்க்க வேண்டியது வேறு. படிப்பதற்கு இரண்டு பக்கத்தில் முழு வாக்கியங்களாக ஒரு குறிப்பு எழுதி நகலெடுத்துக் கொடுக்கலாம். தாளில் எழுதிய பேச்சு ஏற்கெனவே கையில் இருப்பதால் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பேச்சுக்கு வராதவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்.

கடைசி ஸ்லைடாக ரோஜாப் பூவோடு 'நன்றி' போடும் வழக்கத்தையும் விடச் சொல்வேன். நன்றியை வாயால், கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி நேரத்தில் திரையில் நிற்க வேண்டியது கேள்விகளுக்குப் பயன்படும் படம். மக்காச்சோளக் கூட்டத்தில் அந்த அலுவலர், புழுவின் தலைப் படத்தைத் திரை முழுக்க விட்டுவிட்டு மேடையைவிட்டு இறங்கி நின்றார். விவசாயிகள் தங்கள் காட்டில் செல்போனில் எடுத்துவந்த புழுப் படங்களைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "எங்க காட்டுல இருக்கறது இதுதானா மேடம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். சிலருடையது அதுதான். ஒருவருடையது அது இல்லை என்று சொல்லி, அது என்ன புழு, அதற்கு என்ன செய்யலாம் என்று அவர் விளக்கினார்.